பிள்ளைகள் எத்தனை?

உத்திரமேரூர்
10.6.2024

அன்புள்ள தங்கை கல்பனாவுக்கு,

அக்கா வளர்மதி எழுதுவது. நானும் மகள் கீர்த்தியும் சுகம். உன் சுகத்துக்கும் மாப்பிள்ளை கார்த்திக் சுகத்துக்கும் பதில் எழுது. உன் மாமாவும் சுகம் என்று எழுத முடியவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேச வேண்டியதுதானே என்பாய். போனில் ஒருத்தி கேள்வி கேட்டால் மற்றவள் ‘ஹலோ, சரியாக் கேக்கல’ என்று நழுவிவிடலாம். காகிதத்தில் அது நடக்காது. எதை எழுதினாய், எதை விட்டாய் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கலாம். என் குணம் உனக்குத் தெரியாதா? பதிலை வீட்டுக்குப் போடாதே. பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடு. நான் பகலெல்லாம் சத்துணவுக் கூடத்தில் இருப்பேன் என்று போஸ்ட்மேன் பீட்டருக்குத் தெரியும்.

போன புதன்கிழமை உன் மாமா கழனியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். டிராக்டர் வரப்பைத் தாண்டி வந்து வாய்க்காலில் முன்சக்கரம் இறங்கி நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஸ்டீயரிங் மேல் சாய்ந்து கிடக்கிறார். முகத்தில் தண்ணீர் அடித்ததும் எழுந்து, “ஒன்னும் இல்ல வளரு, கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு, அவ்ளோதான்” என்கிறார். இது மூன்றாம் தடவை என்று அப்புறம்தான் வாயிலிருந்து வந்தது. முதல் இரண்டை எனக்குச் சொல்லவே இல்லை பார்.

காஞ்சிபுரத்தில் பார்த்த டாக்டர், இதயம் நிமிஷத்துக்கு இருநூறு தடவை ஓடுகிறது, உள்ளே கரண்ட் வழி தவறிப் போகிறது, சென்னையில் முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, அந்தப் படத்தை வைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சுட வேண்டும் என்கிறார். மனுஷன் நெஞ்சைப் படம் பிடித்துச் சுடுவதா? புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டு எங்களை வைத்துப் பரீட்சை பார்க்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. நீ அந்த மெஷின் அறையிலேயே வேலை பார்க்கிறவள். ஒன்றும் மறைக்காமல் எழுது.

இப்படிக்கு
அக்கா வளர்மதி


சென்னை
17.6.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கல்பனா வணக்கம். நாங்கள் இருவரும் நலம். கீர்த்தியைக் கேட்டதாகச் சொல். மாமா இனி டிராக்டரிலும் பைக்கிலும் ஏறவே கூடாது. அடுத்த தடவை தண்ணீர் அடித்தால் எழுந்திருப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. பயமுறுத்த எழுதவில்லை அக்கா, இதுதான் உண்மை.

பரீட்சை ஒன்றும் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் பல பேருக்குச் செய்தாயிற்று. மாமாவின் இதயத் தசையில் எங்கோ ஒரு பழைய தழும்பு இருக்கும் என்று நினைக்கிறார்கள். கரண்ட் நேராகப் போகாமல் அந்தத் தழும்பைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. கரையில் எலி வளை இருந்தால் வாய்க்கால் தண்ணீர் கடைமடைக்குப் போகாமல் அங்கேயே சுழலுமே, அந்த மாதிரி. கையில் ஒரு மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் தழும்பு வெள்ளையாகத் தெரியும். அப்புறம் தொடையில் இருக்கும் ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, படம் காட்டுகிற இடத்தில் மட்டும் சூடு வைத்து அந்தச் சுழலை அடைப்பார்கள். படம் இல்லாமலும் செய்யலாம். ஆனால் எந்த இடம் என்று தேடித் தேடிச் சுட வேண்டும், நேரமும் ஆகும், மிச்சமும் நின்றுவிடலாம்.

ஜூலை மூன்றாம் தேதி படத்துக்கு எழுதியிருக்கிறேன். மெஷின் என்பது பெரிய காந்தம். மோதிரம், சங்கிலி, இடுப்பில் இருக்கும் வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்ற வேண்டும். வெள்ளியானாலும் சூடேறித் தோலைச் சுடும், படத்தையும் கெடுக்கும். கழற்ற மாட்டேன் என்று ஆண்கள் அடம்பிடிப்பார்கள். ஒரு கறுப்பு நூல் கயிறு கொண்டு வா. அதைக் கட்டிவிட்டு இதைக் கழற்றினால் குறை இல்லை.

அன்புடன்
கல்பனா


உத்திரமேரூர்
8.7.2024

அன்புள்ள கல்பனாவுக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். போன மாதிரியே வந்து சேர்ந்தோம், அதுதான் வயிற்றெரிச்சல். அவர் சாப்பிடுகிறார், நடக்கிறார். நான்தான் சுகமில்லை.

அன்றைக்கு நடந்ததில் பாதியைத்தான் நீ பார்த்தாய், மீதியை எழுதுகிறேன். நீ உள்ளே மெஷினைத் தயார் செய்துகொண்டிருந்தாய். வெளியே நர்ஸ் ஒருத்தி திரைக்குப் பின்னால் இவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். உடம்பில் இரும்பு உண்டா, ஆபரேஷன் உண்டா, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரெனப் போனதுண்டா என்று கேட்டுக்கொண்டே வந்து, “பிள்ளைங்க எத்தனை?” என்றாள்.

“ரெண்டு” என்றார் உன் மாமா.

திரைக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். “வயசு சொல்லுங்க.” “ஒன்னுக்கு இருவது.” “இன்னொன்னு?” நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு, “தப்பா சொல்லிட்டேம்மா, ஒன்னுதான், ஒன்னுன்னு எயுதிக்கோ” என்றார். தன் பெயரை மறந்தால்கூட மன்னிக்கலாம். பெற்ற பிள்ளையை யாராவது ஒன்று கூட்டிச் சொல்வார்களா?

அடுத்து அரைஞாண். “இத பொணத்துக்குத்தான் அறுப்பாங்க, உயிரோட கீறவனுக்கு இன்னாத்துக்கு?” என்றார். சரி, நம் பக்கத்துப் பேச்சுதான். நீ சொன்னபடி கறுப்புக் கயிறு எடுத்து நானே கட்டிவிட்டேன். வெள்ளிக்கொடி இறங்கியது. ஆனால் அதில் கோத்திருந்த தாயத்துக் குப்பியை மட்டும் கைக்குள் பொத்திக்கொண்டார். “இத மட்டும் உட்டுடுங்க, கயட்ட மாட்டேன்.” அப்போதுதான் நீ வெளியே வந்தாய். குப்பியைப் பார்த்தாய். உன் முகம் ஏன் அப்படிச் செத்துப்போயிற்று? அடுத்த நிமிஷம் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அரக்கு வைத்து மூடிய அந்தக் குப்பி எத்தனையோ வருஷமாக அவர் இடுப்பில் இருக்கிறது. ஒரு நாள் கேட்டதற்குத் தன் அம்மா சொக்கம்மாள் மந்திரித்துக் கொடுத்தது என்றார். கீர்த்தி பிறப்பதற்கு முன்பே ஏறியது அது. எப்போது ஏறியது என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை. மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார், சாட்சிக்கு ஆள் இல்லை.

இன்னொன்றும் தோன்றுகிறது. இவர் கீர்த்தியை ‘சின்னவளே’ என்றுதான் கூப்பிடுவார். செல்லம் என்று நினைத்திருந்தேன். ஒற்றைப் பிள்ளையை யாராவது சின்னவள் என்பார்களா? சின்னவள் என்றால் பெரியவள் எங்கே, யார் வீட்டில்? நான் பெற்றது ஒன்று. அப்படியானால் அந்த இன்னொன்றைப் பெற்றவள் யார்? குப்பிக்குள் அவள் கொடுத்தது ஏதோ இருக்கிறது. உயிர் போனாலும் அதைக் கழற்ற மாட்டார் என்றால் அவள் எப்பேர்ப்பட்டவளாக இருக்க வேண்டும்.

உனக்கு ஏதாவது தெரியுமா? தெரியும் அல்லது தெரியாது, இரண்டில் ஒன்றை எழுது.

அக்கா


சென்னை
16.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ உடம்பைப் பார்த்துக்கொள். பிரஷர் மாத்திரையை விடாதே.

மாமாவைப் பற்றித் தப்பாக நினைக்காதே. அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆகஸ்டில் இன்னொரு தேதி வாங்கித் தருகிறேன், எப்படியாவது சமாதானம் சொல்லிக் கூட்டி வா. படம் எடுத்தால்தான் அடுத்த வேலை நடக்கும். டாக்டர் தினமும் கேட்கிறார். கீர்த்திக்கும் ஒரு ஈ.சி.ஜி. எடுத்து அனுப்பு, சும்மா பார்த்து வைப்பதற்குத்தான்.

அவசரத்தில் எழுதுகிறேன்.

கல்பனா


உத்திரமேரூர்
2.8.2024

கல்பனாவுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. பிரஷர் மாத்திரையைப் பற்றி எழுதினாய், தேதியைப் பற்றி எழுதினாய், ஈ.சி.ஜி. எழுதினாய். நான் கேட்டது இரண்டே வார்த்தை. தெரியும், தெரியாது. இரண்டும் உன் கடிதத்தில் இல்லை. மடித்த இடத்திலெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டேன்.

கீர்த்திக்கு எதற்கு ஈ.சி.ஜி.? இருபது வயதுப் பெண்ணுக்கு என்ன கேடு வந்தது? சும்மா என்று நீ எழுதினால் சும்மா இல்லை என்று எனக்குத் தெரியாதா?

இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். அவர் குளிக்கப் போனபோது போனைப் பார்த்தேன். பார்த்தது தப்புதான், பார்த்துவிட்டேன். ஜூலை மூன்றிலிருந்து உனக்குப் பதினோரு தடவை பேசியிருக்கிறார். எல்லாம் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கிற நேரம். அக்காவுக்குப் பத்து நாளைக்கு ஒரு கடிதம், மாமாவுக்குப் பதினோரு போன். “யாரோட பேசினீங்க?” என்று கேட்டேன். “உரக்கடைல” என்றார். உரக்கடைக்காரன் பெயர் என்றிலிருந்து கல்பனா ஆனது?

அந்த மனுஷனுக்கு நெஞ்சில் கோளாறு. நான் கத்தினால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சோறு போடுகிறேன். தூங்கும்போது மூச்சு இருக்கிறதா என்று மூக்குக்கு நேரே கை வைத்துப் பார்க்கிறேன். அதே கையால் குப்பியைத் தொடப் போனால் தூக்கத்திலும் பொத்திக்கொள்கிறார்.

பதில் எழுது.

வளர்மதி


உத்திரமேரூர்
5.9.2024

கல்பனாவுக்கு,

ஒரு மாதம் ஆகிறது. பீட்டர் பள்ளிக்கூட வாசலில் சைக்கிளை நிறுத்தாமலே தலையாட்டிவிட்டுப் போகிறார். நீ தேதி வாங்கித் தருவதாக எழுதிய ஆகஸ்டும் போயிற்று. இவர் வரமாட்டேன் என்றுவிட்டார். போன வாரம் மாட்டுக் கொட்டகையில் மறுபடி விழுந்தார். அரை நிமிஷம்தான். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. எழுந்து உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிட்டது.

இப்போது கேள். பூ விற்கிற செங்கேணி நேற்று வந்தாள். “இன்னா வளரு, உன் தங்கச்சி வந்துட்டுப் போச்சா? காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுல உன் வூட்டுக்காரரோட நின்னுக்கினு இருந்துச்சு. ரெண்டு பேரும் அயுதுக்கினு இருந்தாங்க, நான் கிட்ட போவல” என்றாள்.

காஞ்சிபுரம்வரை வந்தவளுக்கு உத்திரமேரூர் எத்தனை தூரம்? ஒரு பஸ். வந்தவள் அக்காவைப் பார்க்கவில்லை. அக்கா புருஷனைப் பார்த்து அழுதுவிட்டுப் போயிருக்கிறாய்.

நேராகவே கேட்கிறேன். இதை எழுத என் கை கூசுகிறது, இருந்தாலும் கேட்கிறேன். பிள்ளைகள் இரண்டு என்றாரே, அந்த இன்னொன்று உனக்குத் தெரிந்தவள் பெற்றதா, இல்லை நீயேவா? கணக்கு ஒத்துவராது என்று தெரிந்தும், நீ கல்யாணத்துக்கு முன் சென்னையில் தனியாகப் படித்த வருஷங்களை எல்லாம் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை அப்படி எண்ண வைத்தது நீங்கள் இரண்டு பேரும்.

இதற்கும் பதில் வராவிட்டால் எனக்குத் தங்கை இல்லை என்று இருந்துவிடுகிறேன்.

வளர்மதி


சென்னை
11.9.2024

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. உன் மேல் கோபம் இல்லை. நான் வாயைத் திறக்காததால் நீ அந்த அளவுக்குப் போக வேண்டியதாயிற்று. மாமாவுக்குப் பண்ணிக் கொடுத்த சத்தியத்தை உடைத்து எழுதுகிறேன்.

இன்னொன்றைப் பெற்றவள் நீதான் அக்கா.

2002 ஐப்பசி. கூரத்தில் நம் அம்மா வீடு. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாய். பெண் குழந்தை. ஒன்பதாம் நாள் போய்விட்டது, பெயர்கூட வைக்கவில்லை. உனக்கு மறக்கவில்லை என்று தெரியும். அதைப் பற்றி வாயெடுக்கக் கூடாது என்று வீட்டில் எல்லாரும் சொல்லிவைத்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கு அம்மா, மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த தொப்புள்கொடியை என் கையில் கொடுத்து, “ஏரில கடாசிட்டு வா. இது வூட்ல இருந்தா அடுத்தது தங்காது” என்றாள். எனக்குப் பதினான்கு வயது. ஏரிக்கரைக்குப் போனால் மாமா அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறார். வெளியூர் போயிருந்த அவருக்குச் சேதி தாமதமாகப் போய், வந்து சேர்வதற்குள் பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்து, “இன்னாம்மா அது?” என்றார். சொன்னேன். கையை நீட்டினார், கொடுத்துவிட்டேன். போட்டுவிட்டேன் என்று அம்மாவிடம் பொய் சொன்னேன்.

“அக்காகிட்ட சொல்லாத. இது இருக்குன்னு தெரிஞ்சா அடுத்த கொயந்த தங்காதுன்னு பயந்தே செத்துடுவா” என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பிள்ளைக்கு அரைஞாணில் கட்ட வேண்டிய அந்தத் தொப்புள்கொடியைக் குப்பியில் அடைத்துத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டது எனக்கு அன்றைக்கு மெஷின் வாசலில் பார்த்தபோதுதான் தெரியும். என் முகம் செத்துப்போனது அதற்குத்தான்.

அந்த நர்ஸ் கேட்ட கேள்வி சும்மா இல்லை. இந்த மாதிரி இதயக் கோளாறு சில குடும்பங்களில் ரத்தத்தோடு வரும். அதனால்தான் பிள்ளைகள் எத்தனை, யாராவது சின்னதிலேயே போனதுண்டா என்று கேட்கிறார்கள். மாமா யோசிக்காமல் இரண்டு என்றார், ஏனென்றால் அவருக்கு எப்போதும் இரண்டுதான். சொன்ன பிறகுதான் கேள்வி எதற்கு என்று விளங்கியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “படத்துல எங்கிட்டதான் கோளாறுன்னு வந்துட்டா, அந்தக் கொயந்த என்னாலதான் போச்சுன்னு ஆவும். வளருக்கு எந்த மூஞ்ச காட்டுவேன்? படமே வாணாம், வர்றபடி வரட்டும்” என்கிறார். குப்பி ஒரு சாக்கு அக்கா. படத்துக்குத்தான் பயப்படுகிறார். அவர் மனதை மாற்றத்தான் வந்தேன். உன்னைப் பார்த்தால் சொல்லிவிடுவேன் என்று வீட்டுக்கு வரவில்லை.

கீர்த்திக்கு ஈ.சி.ஜி. கேட்டதும் இதனால்தான். உடனே எடு.

கல்பனா


உத்திரமேரூர்
25.9.2024

அன்புள்ள தங்கை கல்பனாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மழை. பள்ளிக்கூடத்துச் சுவர் நனைந்து அரிசி மூட்டையை எல்லாம் இடம் மாற்றினோம். கீர்த்திக்கு ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று. ஒரு கோளாறும் இல்லை என்று காஞ்சிபுரம் டாக்டர் சொன்னார். காகிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், உன் டாக்டரிடமும் காட்டு. ஒருவர் சொல்லை நம்பி எனக்குப் பழக்கமில்லை.

உன்னிடம் என்ன கேட்டேன் என்று நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போல இருக்கிறது. மன்னித்துக்கொள். நான் பெற்றது ஒன்று என்று கூசாமல் எழுதினேன் பார், அதற்கு யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை.

நீ சொன்னதற்குப் பதிலாக நானும் ஒன்று சொல்ல வேண்டும். இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. பிள்ளை போன அன்றைக்கு என் மாமியார் வந்து பார்த்துவிட்டு, “தூக்கத்துல மேல பொரண்டுட்டா போல கீது” என்று வாசலில் யாரிடமோ சொன்னார். எனக்குக் கேட்டது. அவர் சொல்லாவிட்டாலும் எனக்கே அந்த நினைப்பு இருந்தது. எட்டு நாள் தூங்காத உடம்பு, ஒன்பதாம் நாள் விடியற்காலை எப்படித் தூங்கினேன் என்றே தெரியாது. கண் விழித்தால் பிள்ளை சில்லிட்டுக் கிடக்கிறது. அதனால்தான் அவளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை கல்பனா. சேர்த்தால் கொன்றவள் நான்தான் என்று ஆகிவிடும். ஊரில் எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் என்று என்னைப் பேசுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக முதல் சந்தேகம் என் மேல்தான்.

இவர் என்னவோ தன்னால் என்று பயப்படுகிறார். அவருக்கு எப்படிச் சொல்லுவேன்? எனக்குத் தெரியும் என்றுகூடக் காட்டிக்கொள்ளவில்லை. படம் எடுக்காமல் இந்த மனுஷனும் போய்விட்டால் நான் என்ன செய்வது? நீயே ஏதாவது வழி பார்.

அக்கா


சென்னை
3.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கீர்த்தியின் ஈ.சி.ஜி.யை எங்கள் டாக்டரும் பார்த்துவிட்டார். நன்றாக இருக்கிறது.

நீ புரளவில்லை. நான் உன் பக்கத்துப் பாயில்தான் படுத்திருந்தேன். விடியற்காலையில் நீ பால் கொடுத்துவிட்டு உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாய். பிள்ளையை உன் மடியிலிருந்து எடுத்துத் தூளியில் போட்டது அம்மா. தூளியில்தான் போயிற்று. நீ கண் விழித்து, மடியில் பிள்ளை இல்லையே என்று கத்தியதும் அம்மா தூளியிலிருந்து எடுத்து உன் மடியில் வைத்தாள். உன் மாமியார் வந்தபோது மடியோடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தாய். அதைப் பார்த்து வந்த பேச்சு அது. அதற்கு முந்திய இரண்டு நாளும் பால் குடிக்கும்போதே பிள்ளைக்கு நெற்றி வியர்க்கும், பாதியில் களைத்து விட்டுவிடும், உதடு நீலமாகும். ‘பொறந்த சூடு’ என்றாள் அம்மா. எனக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இப்போது நாளெல்லாம் இதயப் படம் எடுக்கிறவளுக்கு, அந்தப் பிள்ளையின் இதயத்திலேயே ஏதோ இருந்தது என்று தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நீ புரளவில்லை, அது உறுதி.

நீ எழுதியதை நான் மாமாவிடம் சொல்லிவிட்டேன். குப்பி விஷயம் உனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். திட்டாதே. நீ இப்படிச் சுமந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, “தேதி போடும்மா” என்றார். ஏன் திடீரென்று ஒத்துக்கொண்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்காமல் அக்டோபர் பதினாறுக்கு எழுதிவிட்டேன்.

அன்புடன்
கல்பனா


உத்திரமேரூர்
10.11.2024

அன்புள்ள தங்கை கல்பனாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே மூன்று பேரும் சுகம். இந்தத் தடவை மூன்று பேரையும் சேர்த்தே எழுதுகிறேன். உன் சுகத்துக்கும் கார்த்திக் சுகத்துக்கும் எழுது.

படம் எடுத்த அன்றைக்கு நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தாய். வெளியே நடந்ததை நேரில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். உள்ளே போகும் முன் தானே கொடியை அவிழ்த்து, குப்பியைக் கழற்றி என் கையில் வைத்தார். பத்திரம் என்றுகூடச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் அந்த மெஷின் தகரத்தில் அடிக்கிற மாதிரி அடித்தது. ‘மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க’ என்று உன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் உன் குரலுக்கு மூச்சைப் பிடித்து விட்டுக்கொண்டிருந்தேன். குப்பியை என்ன செய்வதென்று தெரியாமல் தாலிக்கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டேன். திறந்து பார்க்கவில்லை. நான் திறக்காமல் விட்டது என் வாழ்நாளில் அது ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். டிவியில் படத்தைக் காட்டினார். இதயத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு தடவின மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. “இது எப்பவோ வந்த காய்ச்சல்ல இதயம் வீங்கி ஆறின தழும்பு. குடும்பத்துல வர்ற வியாதி மாதிரி தெரியல. உங்க பொண்ணுக்கும் பயம் இல்ல. எங்க சுடணும்னு படம் தெளிவா காட்டுது” என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பக்கத்தில் பார்த்தால் இவர் முகம் தொங்கிப்போய்க் கிடக்கிறது. “அப்போ எங்கிட்ட இருந்து ஒன்னும் போயிருக்காதா சார்? நல்லா பாருங்க” என்று கேட்கிறார். தோசை கேட்டுக் கிடைக்காத பிள்ளை மாதிரி.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நல்ல சேதி சொன்னால் இந்த மனுஷன் ஏன் மூஞ்சியைத் தொங்கப்போடுகிறார்? வராந்தாவில் நிறுத்தி, “இன்னாங்க, இன்னும் எதையாச்சும் மறைக்கிறீங்களா?” என்று கேட்டேன்.

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “எங்கிட்டதான் கோளாறுன்னு வரும்னு பாத்தேன் வளரு. அத கேக்கத்தான் வந்தேன். எம்மேல வந்துட்டா உம்மேல இருந்து எறங்கிடும் இல்ல? இப்ப அதுவும் இல்லன்றாங்க.”

எது தன் மேல் வந்துவிடும் என்று பயந்து உயிரையே விடத் துணிந்தாரோ, அதையே வேண்டிக்கொண்டு அந்தக் குழாய்க்குள் போய்ப் படுத்திருக்கிறார். நான் அழுதுவிட்டேன் கல்பனா. அத்தனை பேர் நடக்கிற வராந்தாவில் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நீ எழுதியதைக்கூட நான் முழுதாக நம்பவில்லை. அக்காவைத் தேற்றத் தூளிக் கதை கட்டுகிறாளோ என்று ஒரு ஓரத்தில் வைத்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சந்தேகப்பட ஒன்றும் மிச்சமில்லை. “நான் பொரளலங்க. கல்பனா பாத்திருக்கா. உங்கமேலயும் வாணாம், எம்மேலயும் வாணாம்” என்றேன். தலையை ஆட்டினார்.

சுட்டதெல்லாம் நீயே கூட இருந்து பார்த்தாய். நாலு மணி நேரம். படம் காட்டின இடத்திலேயே சுழல் இருந்தது என்று டாக்டர் சொன்னபோது, இந்த ஒருவரையாவது ஆரம்பத்திலேயே நம்பியிருக்கலாம் என்று நினைத்தேன். இதுவரை நெஞ்சு ஒழுங்காக ஓடுகிறது. டிராக்டரில் ஏற இன்னும் உத்தரவு வரவில்லை. வரப்பில் நின்றுகொண்டு கூலிக்கு ஓட்டுகிறவன் உயிரை வாங்குகிறார். குப்பி பழையபடி அவர் இடுப்புக்குப் போயிருந்தது. நேற்று தானாகவே அவிழ்த்து, “ஒரு வாரம் நீ வெச்சுக்கோ” என்று கொடுத்தார்.

சுடுவதற்கு முந்தின நாள், வார்டில் சேர்த்த அன்றைக்கு நடந்தது உனக்குத் தெரியாது. அதே நர்ஸ், அதே காகிதம். பெயர், வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் கேட்டுவிட்டு, “பிள்ளைங்க எத்தனை?” என்றாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“ரெண்டு பொண்ணு. பெரியவ ஒம்பது நாள்ல பூட்டா. சின்னவ காலேஜ் படிக்கிறா. ரெண்டுன்னே எயுதிக்கோம்மா” என்றேன்.

எழுதினாள். எழுதினாளா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

பொங்கலுக்கு இரண்டு பேரும் வந்து சேருங்கள்.

இப்படிக்கு
அக்கா வளர்மதி